இடது பின்பக்க ஷாக்

வண்டிக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தொண்ணூறுகளில் வண்ணார்பேட்டையில் பைபாஸ் ரோட்டை ஒட்டி எனக்கு ஒரு ஷெட் இருந்தது. ஜீப், பிக்கப் வண்டிகளின் ஷாக் அப்சார்பரைப் பிரித்துச் சரிசெய்து கொடுப்பதுதான் தொழில். மேட்டில் ஏறும்போது பின்னால் யாரோ முனகுகிறார்கள் என்பார் ஒருவர். பார்த்தால் ரப்பர் புஷ் தேய்ந்து இரும்போடு இரும்பு உரசிக்கொண்டிருக்கும். உவரியிலிருந்து மீன் ஏற்றிவரும் ஒருவர், தன் வண்டி ரோட்டோரச் சிலுவை நிற்கும் குருசடி முன்னால் மட்டும் தலையாட்டுகிறது என்று மூன்று மாதமாக நேர்ச்சை செய்துகொண்டிருந்தார். ஷாக்கில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. எண்ணெய் ஊற்றினேன், தலையாட்டல் நின்றது. நேர்ச்சையை அவர் நிறுத்தவில்லை, அது வேறு விஷயம்.

நான் பாளையங்கோட்டை மிஷன் வழியில் வந்த வீட்டுக்காரன். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். வேதத்தில் இருக்கும் பேய்களைத் தவிர வேறு பேய்க்கு எங்கள் வீட்டில் இடம் கிடையாது. எனக்கு முன்கோபமும் உண்டு, வாய்த்துடுக்கும் உண்டு. யாராவது பேய் என்று ஆரம்பித்தால், "ஜாக்கிய எடும்வே, தூக்கிப் பாத்துருவோம்" என்பேன். அப்படியெல்லாம் பேசியவன்தான் இதையும் எழுதுகிறேன்.

ஷாக் என்பது பார்வைக்கு ஒரு குழாயும் அதற்குள் ஒரு ராடும்தான். உள்ளே எண்ணெய். ராடின் நுனியில் பொடி ஓட்டைகள் போட்ட ஒரு பிஸ்டன், அந்த ஓட்டைகளை மூடிக்கொண்டு காகித கனத்தில் சில வட்டத் தகடுகள். வண்டி பள்ளத்தில் இறங்கும்போது எண்ணெய் அந்தத் தகடுகளை நெட்டிக்கொண்டுதான் மறுபக்கம் போக வேண்டும். தகடு கூடினால் வண்டி விறைப்பாக இருக்கும், குறைந்தால் தொளதொளத்துப் போகும். இதை யாரும் பிரிக்கக் கூடாது என்று வெல்டிங் வைத்து மூடித்தான் விற்பார்கள். நான் லேத்தில் வைத்து வெல்டிங்கை அறுத்து, சீல் மாற்றி, தகடுகளைக் கூட்டிக் குறைத்து, மரை வெட்டிய மூடி ஒன்று செய்து மூடுவேன். மலைக்கு ஒரு பக்குவம், தேரி மணலுக்கு ஒரு பக்குவம், மீன் வண்டிக்கு ஒரு பக்குவம்.

வேலை முடிந்ததும் எனக்கு ஒரு வழக்கம் இருந்தது. வண்டியின் பின்தட்டில் வெறும் தகரத்தின் மேல் மல்லாந்து படுத்துக்கொண்டு ஆற்றங்கரைப் பாதையில் ஓட்டச் சொல்வேன். நின்றுகொண்டு போனால் பாதிக் குலுக்கலை முழங்கால் வாங்கிக்கொள்ளும். உட்கார்ந்தால் இடுப்பு வாங்கிக்கொள்ளும். படுத்தவனிடம் வண்டி எதையும் மறைக்க முடியாது. எந்தச் சக்கரம் எந்தக் கல்லில் ஏறியது, எந்த ஷாக் அதை விழுங்கியது, எது விழுங்காமல் துப்பியது என்று முதுகுக்குத் தெரிந்துவிடும். எதிரே வந்தவர்கள் பிணம் போகிறது என்று செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நின்றதும் உண்டு. நான் படுத்துப் பார்க்காமல் ஒரு வண்டியும் ஷெட்டை விட்டுப் போனதில்லை என்று எல்லாரிடமும் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த எஸ்டேட் பிக்கப் தை மாதத்தில் ஒரு நாள் காலையில் வந்தது. பாபநாசம் பக்கத்து மலையில் இருக்கும் ஒரு தேயிலை எஸ்டேட்டின் வண்டி. நாலு சக்கரமும் இழுக்கும். ஐப்பசியில்தான் அதன் பின்பக்க ஷாக் இரண்டையும் நான் செய்து கொடுத்திருந்தேன். ஓட்டிவந்தவர் பழைய டிரைவர்தான், நாற்பது வயது இருக்கும். ஐப்பசியில் பார்த்ததற்கு இப்போது பாதியாக இளைத்திருந்தார்.

"அண்ணாச்சி, காலி வண்டியா எறங்கும்போது ஒரு வளைவுல இடது பின்பக்கம் அமுங்குது. ஆள் ஏறுன மாதிரி."

"பெறவு?"

"செக்போஸ்டுக்குக் கொஞ்சம் முன்னால எழும்பிருது. ஆள் எறங்குன மாதிரி."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டே மீதியைச் சொன்னார். இதை அவர் எஸ்டேட்டில் நாலு பேரிடம் சொல்லிவிட்டிருக்கிறார். விஷயம் மேனேஜர் காதுக்குப் போய்விட்டது. ஷாக்கில் கோளாறு என்று மெக்கானிக் எழுதிக் கொடுத்தால் சரி, இல்லையென்றால் கோளாறு உனக்குத்தான், புத்தி சரியில்லாதவனை மலை ரோட்டில் வண்டி ஓட்ட விட முடியாது என்று மேனேஜர் சொல்லி அனுப்பியிருக்கிறார். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் போகும். வீட்டில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

"ஷாக்குல கோளாறா, எனக்குத்தான் கோளாறான்னு நீங்கதான் சொல்லணும்" என்றார்.

"இல்லாத கோளாற நான் எழுத மாட்டேன்வே. அத இப்பமே சொல்லிருதேன்."

"எழுத வேண்டாம். பாருங்க, போதும்."

இரண்டையும் கழற்றினேன். ராடு நேராக இருந்தது. கசிவு இல்லை. கையால் அமுக்கினால் இரண்டும் ஒரே நிதானத்தில் போயின, ஒரே நிதானத்தில் வந்தன. மூடியைத் திறந்து பார்த்தேன். எண்ணெய் தெளிவாக இருந்தது, தகடுகள் நான் வைத்தது வைத்தபடி இருந்தன. என் கைவேலையில் குறை காண முடியவில்லை என்பது எனக்கே அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. மறுபடி மூடிவிட்டு, இரண்டின் ராடையும் முழுக்க இழுத்து மேஜையில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது வலது ஷாக் நிறுத்தியபடி நின்றது. இடது ஷாக்கின் ராடு ஒரு கட்டைவிரல் அளவு இறங்கியிருந்தது. வெயில் அந்தப் பக்கம்தான் அடிக்கிறது, எண்ணெய் இளகியிருக்கும் என்று சொல்லிக்கொண்டு மறுபடி மாட்டினேன். ஆனால் வெயில் மேஜை வரைக்கும் வந்திருக்கவில்லை என்பதையும் பார்த்தேன்.

மறுநாள் அவரோடு மலைக்குப் போனேன். பாபநாசத்தில் இறங்கி டீ குடித்தோம். அருவிக்கரையில் ஈரத்துணியோடு கூட்டம் நின்றது. அதைத் தாண்டி மலை ஏற ஏற ஆள் நடமாட்டம் குறைந்து, செக்போஸ்டுக்கு மேல் ஒருவரும் இல்லை. காலை பதினோரு மணிக்கே மேகம் ரோட்டுக்கு இறங்கி வெயிலை எடுத்துக்கொண்டது. வழக்கமாகப் பின்னாலேயே வரும் குரங்குகளையும் காணோம். வளைவைக் காட்டினார். இறங்கும்போது வலது பக்கம் திரும்பும் சாதாரண வளைவு. ஓரத்தில் ஒரு பாறையும் அதில் கசியும் தண்ணீரும் தவிர எதுவும் இல்லை. அதற்கு மேல் அரை மைல் போய் வண்டியைத் திருப்பினோம். நான் பின்தட்டின் நடுவில் மல்லாந்து படுத்துக்கொண்டேன்.

வண்டி இறங்கியது. மேலே மேகமும் கிளையும் மட்டும் தெரிந்தன. கல் ஒவ்வொன்றும் முதுகில் நறுக்நறுக்கென்று குத்தியது. வளைவுக்கு வந்தபோது எஞ்சின் சத்தம் தணிந்தது. பின்தட்டு லேசாக எழும்பி, பிறகு இடது பக்கம் அமுங்கியது. பள்ளத்தில் விழும்போது வரும் அமுக்கம் எனக்குத் தெரியும், இது அது இல்லை. நிற்கும் வண்டியில் ஓர் ஆள் கையூன்றி ஏறி, உட்கார்ந்து, மெல்லச் சரிந்து படுத்தால் எப்படி இருக்குமோ அப்படி மூன்று தவணையாக அமுங்கியது. என் இடது தோளுக்கு அந்தப் பக்கத்தில் தகரம் வளைந்து 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. நான் தலையைத் திருப்பவில்லை. ஏன் திருப்பவில்லை என்று கேட்டால், பயந்தேன், அவ்வளவுதான். செக்போஸ்ட் கூரை தெரிவதற்குக் கொஞ்சம் முன்னால் அந்தப் பாரம் போய்விட்டது. ஒரே தவணையில் போனது.

வண்டி நின்றதும் என் மூளை தொழிலுக்குத் திரும்பிவிட்டது. வளைவில் எஞ்சின் சத்தம் தணிந்ததே, அதைப் பிடித்துக்கொண்டேன். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து பிரேக்கைத் தொட்டால் பின்பக்கம் எழும்பும், விட்டால் அமுங்கும். வலது வளைவு என்பதால் இடது பக்கம் கூடுதலாக அமுங்கும். ஷாக்கிலும் கோளாறு இல்லை, பேயும் இல்லை. காலில்தான் விஷயம்.

"அங்கன எதுக்குவே பிரேக்கத் தொட்டீரு?"

"நான் தொடலயே அண்ணாச்சி."

"கால எடுத்தீரு. எனக்குக் கேட்டுச்சு."

"சத்தியமா எடுக்கல."

பின்தட்டின் பக்கம் வந்து நின்று பேசினார். ஆனால் அவர் பார்த்தது என்னை இல்லை. எனக்கு இடது பக்கம், தகரத்தில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தார். என் பயம் கோபம் மாதிரிதான் வெளியே வந்தது. "அந்த வளைவுல என்னவே நடந்துச்சு? ஒளிக்காம சொல்லும்" என்று அதட்டினேன்.

சொன்னார். ஐப்பசி மழையில், கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணுக்கு வயிற்றுவலி கண்டு ஆள் துவண்டுவிட்டாள். மலைக்குக் கீழே அம்பை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேறு வண்டி இல்லை. இந்தப் பிக்கப்பில்தான் தார்ப்பாயைக் கூரையாகக் கட்டி, இடது பக்கம் படுக்கவைத்து இறக்கியிருக்கிறார்கள். புருஷன்காரன் வலது ஓரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வழியெல்லாம் அவள் அரற்றிக்கொண்டே வந்திருக்கிறாள். அந்த வளைவில் புருஷன் கேபின் தகரத்தைத் தட்டியிருக்கிறான்.

"அவ பையப் போகச் சொல்லுதான்னான். நானும் கால எடுத்துப் பையப் போனேன். வளைவு தாண்டுனதும் மனசு கேக்கல. பையப் போனா நேரமாயிரும், வெரசாப் போனா அலுங்குது. எதச் செய்ய? நேரமாயிரக் கூடாதுன்னு வெரட்டுனேன். செக்போஸ்டுல நிறுத்திப் பாத்தா உசுரு இல்ல."

அவரே தயங்கித் தயங்கி மீதியையும் சொன்னார். "நீங்க வேல முடிச்சுக் குடுத்து ஒரு வாரம்தான் ஆகியிருந்துச்சு அண்ணாச்சி. வண்டி கல்லு மாதிரி இருந்துச்சு. நீங்க சொன்ன மாதிரி மெத்தையப் போட்டுத்தான் படுக்க வச்சோம்."

நான் சொன்ன மாதிரி. எனக்கு நினைவு வந்தது. ஐப்பசியில் இந்த வண்டி உர மூட்டை முழுப் பாரத்தோடு ஷெட்டுக்கு வந்தது. மூட்டைக்குத் தாங்கவில்லை, பின்பக்கம் தரையில் இடிக்கிறது, விறைப்பாகச் செய்து கொடுங்கள் என்று எஸ்டேட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நானும் ஒவ்வொரு ஷாக்கிலும் மூன்று தகடு கூட்டினேன். பாரத்தோடு ஓட்டிப் பார்த்தால் அருமையாகப் போனது. மூட்டை இருந்ததால் பின்தட்டில் படுக்க இடமில்லை. இருபது மூட்டையை எவன் இறக்குவான் என்று அப்படியே விட்டேன். அப்போது இதே டிரைவர், "அண்ணாச்சி, இதுல சீக்காளியும் கொண்டு வருவோமே" என்றார். "சீக்காளிக்கு மெத்தையப் போட்டுக்கிடும்வே" என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அதற்காகத்தான் அதைச் சொன்னேன்.

பாரத்துக்கு விறைத்த ஷாக் காலி வண்டியில் ஷாக்கே இல்லை, வெறும் கம்பி. ஒரே ஒரு ஆள் படுத்தால் ரோட்டில் இருக்கும் ஒவ்வொரு கல்லும் நேராக அந்த ஆளின் வயிற்றுக்குள் போகும். படுத்துப் பார்த்திருந்தால் இருபதடி போவதற்குள் என் முதுகே சொல்லியிருக்கும். நான் படுக்காமல் அனுப்பிய ஒரே வண்டி அது. ஷாக் மெத்தென்று இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது. எந்த டாக்டரிடமும் நான் கேட்கவில்லை. கேட்கத் துணிவில்லை.

"இன்னொரு தடவ போவோம். நான் ஓட்டுதேன், நீரு பின்னால படும்" என்றேன். காலை எடுக்காமல் நான் ஓட்டினால் அமுங்காது, அவருடைய காலே தானாக அந்த வளைவில் எழும்புகிறது என்று அவருக்குக் காட்டிவிடலாம், அவர் நிம்மதியாகத் தூங்குவார் என்று நினைத்தேன். அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அவர் மறுக்கவில்லை. பின்தட்டில் ஏறி, வலது ஓரத்தில் தகரத்தோடு ஒட்டி ஒடுங்கிப் படுத்துக்கொண்டார். அத்தனை பெரிய தட்டில் இடது பாதியை முழுக்கக் காலியாக விட்டிருந்தார். நடுவில் படும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் ஓட்டினேன். ஆக்சிலேட்டரில் கால் ஒரே அழுத்தமாக இருக்கட்டும் என்று முழங்காலின் மேல் இடது கையை வைத்து அமுக்கிக்கொண்டேன். பாறை தெரிந்தது. கசியும் தண்ணீர் தெரிந்தது. வளைவுக்குள் நுழைந்தபோது எஞ்சின் சத்தம் தணிந்தது. குனிந்து பார்த்தால் என் கால் எழும்பியிருந்தது. நான் எடுக்கவில்லை. முழங்காலில் கை இருந்தபடி இருக்க, அந்தக் கையோடு சேர்ந்தே மேலே வந்திருந்தது. பின்னால் வண்டி எழும்பி, மூன்று தவணையாக இடது பக்கம் அமுங்கியது. அந்த ஒரு நிமிஷம் என் காலை நானே நம்ப முடியாமல் போனது. அதற்குப் பிறகு செக்போஸ்ட் வரைக்கும் நான் பையத்தான் ஓட்டினேன்.

இறங்கியதும் அவர் என் முகத்தைப் பார்த்தார். "கோளாறு எனக்கா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"இல்லவே."

அவர் கொண்டுவந்திருந்த தாளை வாங்கி, பானெட்டின் மேல் வைத்து எழுதினேன். பின்பக்க ஷாக் இரண்டும் ஆள் ஏற்றும் வண்டிக்கு ஏற்றபடி செய்யப்படவில்லை, மூட்டையை மட்டும் நினைத்துச் செய்யப்பட்டிருக்கின்றன, இதில் டிரைவர்மேல் எந்தத் தவறும் இல்லை, செய்து கொடுத்த என்மேல்தான் தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இல்லாத கோளாறை எழுத மாட்டேன் என்று சொன்னதை மீறவில்லை. எழுதியதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

அவர் படித்துவிட்டு, "இப்படி எழுதுனா உங்களுக்கு எஸ்டேட் வேல வராதே" என்றார்.

"வாங்கிட்டுப் போம்வே" என்று கத்தினேன். எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

அந்த வாரமே வண்டி திரும்பி வந்தது. இரண்டு ஷாக்கிலிருந்தும் நான் கூட்டிய தகடுகளை எடுத்தேன். எடுத்தது போதாமல், மிஞ்சியதில் ஒன்றுக்குப் பதில் ஓர் இலேசான தகடு உட்கார்த்தினேன், எண்ணெயை மாற்றினேன். பின்தட்டில் படுத்து ஆற்றங்கரையில் ஓட்டிப் பார்த்தேன். திருப்தி இல்லை. மறுபடி பிரித்தேன். ஒரு பெண்ணின் எடைக்கு நான் கனம் கூடுதல் என்று தோன்றியது, அதற்கும் சேர்த்துக் குறைத்தேன். இப்படி ஐந்து தடவை. ஐந்தாவது தடவையில் பாலத்துக்குக் கீழே இருக்கும் பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியதே எனக்குத் தெரியவில்லை, வானம் மட்டும் கொஞ்சம் அசைந்தது. இனிமேல் மூட்டை பாதிதான் ஏற்ற வேண்டும் என்று டிரைவரிடம் சொல்லி அனுப்பினேன். படுத்தபோது ஐந்து தடவையும் நான் வலது ஓரத்தில்தான் படுத்தேன் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

டிரைவருக்கு வேலை போகவில்லை, லைன் வீடும் போகவில்லை. எஸ்டேட்டின் மற்ற ஜீப்புகள் எதுவும் அதற்குப் பிறகு என் ஷெட்டுக்கு வரவில்லை. எனக்கு அதில் வருத்தம் இல்லை. பேய் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடம் சிரிப்பதை மட்டும் விட்டேன். என்ன ஏற்றுவீர்கள் என்று கேட்டவன், அதோடு வேறு யாரையெல்லாம் ஏற்றுவீர்கள் என்றும் கேட்கத் தொடங்கினேன்.

அடுத்த ஆடியில் அந்த டிரைவர் ஒரு தடவை வந்தார். ஜங்ஷனில் ஏதோ வாங்க வந்தவர், என்னைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஏறி வந்தாராம். உடம்பு தேறியிருந்தது. பிள்ளைகளைப் பற்றிப் பேசினார், மலையில் இந்த வருஷம் நல்ல மழை என்றார். நான் கேட்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். கடைசியில் புறப்படும்போது வாய் நிற்கவில்லை.

"அந்த வளைவு இப்ப எப்படிவே?"

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்தப் பொம்பளப் பிள்ள இப்பவும் அங்கன ஏறத்தான் செய்யுது அண்ணாச்சி. ஆனா அலுங்காமக் குலுங்காம வருது. முன்னல்லாம் செக்போஸ்டுக்கு முன்னாலயே எறங்கிருமில்ல, இப்ப அம்பை ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வருது."